வரிசை சாரின் கடைசி செமஸ்டர்

வீட்டில் எல்லோருக்கும் இளையவள் என்பதால் அவளுக்குப் பொடிசு என்று பெயர் விழுந்தது. முப்பது வயது தாண்டியும் அந்தப் பெயர் உதிரவில்லை. பெயருக்கு முன்னால் ஒரு ‘டாக்டர்’ வந்து உட்கார்ந்துவிட்டால் பிறகு யாருக்கும் பொடிசு என்று கூப்பிட வாய் வராது என்று அவள் நம்பினாள். தனக்கு வரும் என்று அண்ணன் சொன்னான்.

அண்ணனுக்குப் பெயர்ப்பலகை செய்யும் தொழில். தங்கை ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்த மறு வருடமே பாசம் பொங்கி, பித்தளையில் ‘டாக்டர்’ என்று போட்டு, பக்கத்தில் அவள் முழுப்பெயரையும் வெட்டி, வாசல் கதவில் மாட்டிவிட்டான். பட்டம் வருவதற்கு முன் பலகை வந்தால் நாலு பேர் சிரிப்பார்கள் என்று அம்மா அதன்மேல் ஒரு பழைய தலையணை உறையைப் போட்டு மூடினாள். பட்டம் வருவதாகத் தெரியவில்லை. உறை மட்டும் வெயிலிலும் மழையிலும் நைந்து, இரண்டு முறை புது உறை மாற்றியாயிற்று. தபால்காரர் அந்த வீட்டுக்குத் தலையணை வீடு என்று பெயர் வைத்துவிட்டார்.

பொடிசு எதைப் பற்றி ஆராய்ச்சி செய்தாள் என்று சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. மனிதர்கள் வரிசையில் எப்படி நிற்கிறார்கள் என்பதைப் பற்றி. யார் பொறுமையாக நிற்கிறார்கள், யார் இடையில் புகுகிறார்கள், எந்த இடத்தில் முதல் சண்டை வெடிக்கிறது, இதையெல்லாம் பார்த்து எழுதுவது ஒரு படிப்பு. அதில் பேர்போனவர் அவளுடைய கைடு. துறைத் தலைவரும் அவர்தான். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் வரிசை சார். காத்திருப்பதைப் பற்றி அவர் இளவயதில் எழுதிய ஒரு கட்டுரையைப் படிக்காமல் அந்தத் துறையில் யாரும் முன்னேற முடியாது.

குருவும் சிஷ்யையும் வேலை செய்யும் விதமே தனி. எங்கே வரிசையைக் கண்டாலும் அவர்கள் சேர மாட்டார்கள். ஓரமாக நின்றுகொண்டு, கைக்குள் அடங்கும் ஒரு சின்ன எண்ணும் கருவியைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டிருப்பார்கள். ஆளுக்கு ஒரு டிக். சார் ரொட்டி வாங்கக் கடைக்குப் போவார். கடை மூடிய பிறகு வெறுங்கையோடு, முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்புவார். சாரின் மனைவி அவரை ரொட்டிக்கு அனுப்புவதை எப்போதோ நிறுத்திவிட்டார்.

எப்படியோ, பொடிசின் படகு கரை சேரும் இடத்துக்கு வந்துவிட்டது. பாடங்கள் முடிந்தன. ஆய்வேடு கொடுத்தாயிற்று. வைவாவில் வெளியிலிருந்து வந்த பேராசிரியரின் குறுக்குக் கேள்விகளுக்கெல்லாம் வாய் உலரப் பதில் சொல்லித் தப்பித்தாயிற்று. மீதி இருந்தது ஒன்றே ஒன்று. பட்டத்துக்கு விண்ணப்பம் போட வேண்டும். கடைசி செமஸ்டரில், கைடையும் நேரில் கூட்டிக்கொண்டு போய், பதிவு அலுவலக ஜன்னலில் அவர் கையெழுத்தோடு கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் அடுத்த மாதமே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை தயாராக இருந்தது. வெளிநோயாளிகள் விடிந்ததும் வந்து நின்று மயங்கி விழுகிறார்களாம். அந்த வரிசையை ஒழுங்கு செய்ய ஆள் வேண்டும். ‘பட்டம் இல்லாவிட்டால் சொல்லிவிடுங்கள், அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொள்கிறோம்’ என்று நயமாகச் சொல்லியிருந்தார்கள். இந்த மாதிரி வேலை உலகத்தில் இருக்கிறதென்று அவள் வீட்டாரை நம்பவைக்கவே வருடக்கணக்காகியிருந்தது. அது கைநழுவினால் இன்னொன்று வராது.

பதிவு அலுவலகத்தில் இருப்பவரை ஜன்னல் மேடம் என்பார்கள். கழுத்துக்குக் கீழே அவரை யாரும் பார்த்ததில்லை. விண்ணப்பத்தில் குண்டூசி குத்தியிருந்தால் வாங்க மாட்டார். குத்தாமல் கொண்டுபோனால் ‘காத்துல பறக்கிறதுக்கா?’ என்பார். பொடிசு எல்லாவற்றுக்கும் தயாராக, குத்தியும் குத்தாமலும் இரண்டு பிரதிகள் வைத்திருந்தாள். திங்கட்கிழமை அவள் சாரைக் கூட்டிக்கொண்டு போனபோது ஜன்னலில் கூட்டமே இல்லை. சார் முகத்தில் அதனால் கொஞ்சம் வாட்டம்.

“கைடு எந்த வருஷம் பட்டம் வாங்கினார்?” என்று மேடம் கேட்டார். “இப்ப புதுசா அதையும் ஏத்தணும்.”

சார் வருடத்தைச் சொன்னார். மேடம் தட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் தட்டினார்.

“சார், நீங்க நம்ம காலேஜ்லயா படிச்சீங்க?”

“ஆமா, இங்கதான் படிச்சேன்.”

“படிச்சேன்னு சொல்லாதீங்க. படிச்சிட்டிருக்கீங்க.”

சார் சிரித்தார். பொடிசும் மரியாதைக்குச் சிரித்தாள். மேடம் சிரிக்கவில்லை.

“பழைய பதிவெல்லாம் இப்பதான் கம்ப்யூட்டர்ல ஏத்தினோம். அதுல உங்களைக் கடைசி செமஸ்டர்னு காட்டுது. பாடம் பாஸ். தீசிஸ் பாஸ். வைவா பாஸ். அந்தக் காலத்துல நீச்சல் டெஸ்ட்டுன்னு ஒண்ணு இருந்திருக்கு, அதுவும் பாஸ். பட்டத்துக்கு அப்ளிகேஷன் மட்டும் போடல.”

சார் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு மெதுவாக, “போட்டதா ஞாபகம்…” என்று இழுத்தார். இழுத்த இழுப்பிலேயே போடவில்லை என்று தெரிந்துவிட்டது.

“அப்ப வேலைக்கு எப்படி சார் சேர்ந்தீங்க?” என்று பொடிசு கேட்டாள்.

“சர்டிஃபிகேட்டை அப்புறமா கொண்டுவந்து குடுங்கன்னாங்க. சரின்னேன். கேட்டவர் ரிட்டையர் ஆயிட்டார்.”

மேடம் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். தனக்கு இந்த வருடம் கிடைத்த நல்ல விஷயம் இதுதான் என்பதுபோல ஒரு நிம்மதி அவர் முகத்தில். “ஒரு ஸ்டூடண்ட்டுக்கு இன்னொரு ஸ்டூடண்ட் கைடா இருக்க முடியாது. அதனால உங்க தீசிஸ் செல்லாது,” என்றார் பொடிசைப் பார்த்து.

பொடிசு திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் சார் எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். வழி தேடுகிறார் என்று நினைத்தாள்.

“மேடம்,” என்றார் சார். “அப்ப எனக்கு பஸ்ல ஸ்டூடண்ட் பாஸ் உண்டா?”

அவள் பார்த்த பார்வையில் சார் வாயை மூடிக்கொண்டார்.

மேடமே வழியும் சொன்னார். விதிப்படி, இவள் விண்ணப்பம் ஏறுகிற நேரத்தில் கைடு பட்டதாரியாக இருந்தால் போதும். ஆகவே முதலில் அவருடையது ஏற வேண்டும், அப்புறம் அவளுடையது. இந்த வார வெள்ளிக்கிழமை கடைசி. ஆனால் சார் எந்தக் காலத்தில் சேர்ந்தாரோ அந்தக் காலத்து விதிதான் அவருக்கு. அதன்படி துறைத் தலைவர் கொடுத்த நன்னடத்தைச் சான்று வேண்டும்.

“துறைத் தலைவர் நான்தானே?” என்றார் சார் மலர்ந்துபோய்.

“உங்களுக்கு நீங்களே நல்லவர்னு எழுதிக்க முடியாது சார். உங்களுக்கு அடுத்து யாரு?”

சாரின் மலர்ச்சி வாடியது. அடுத்து இருப்பவர் ஃபேன் சார்.

அதற்கு முன் ஒரு விஷயம் பாக்கி. நடைபாதை பெஞ்சில் சாரை உட்காரவைத்துப் பொடிசு கேட்டாள். “ஏன் சார் போடல? நெஜத்தைச் சொல்லுங்க.”

சார் அசடு வழிந்தார். “போடத்தாம்மா வந்தேன். இதே ஜன்னல். ரொம்ப நீள வரிசை. ஒருத்தர் முன்னால இருந்தவர் தோளைத் தட்டிட்டு, தட்டினது தான் இல்லங்கற மாதிரி வேற பக்கம் பாத்தார். பாத்ததும் எனக்கு ஆசை வந்திடுச்சு. என் முறை வரும்போதெல்லாம் பின்னால இருக்கிறவங்களை ‘நீங்க போங்க, நீங்க போங்க’ன்னு அனுப்பிட்டு நின்னு பாத்துட்டே இருந்தேன். ஜன்னலை மூடிட்டாங்க.”

“மறுநாள் வந்திருக்கலாமே?”

“வந்தேனே. மறுநாள் வரிசை இன்னும் நல்லா இருந்துச்சு.”

அந்தக் குறிப்புகள்தான் அந்தப் புகழ்பெற்ற கட்டுரை. கட்டுரை வந்த புகழில், எழுதினவர் பட்டம் வாங்கினாரா என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை; அவருக்கும் வாங்கத் தோன்றவில்லை. பொடிசுக்கு அவர் கழுத்தை நெரிக்க வேண்டும்போல இருந்தது. கூடவே, இந்த மனுஷனைப்போல் தானும் எதிலாவது இப்படி முழுகிப்போக முடியுமா என்று ஒரு பொறாமையும் வந்தது. அது வந்ததற்காகத் தன்மேலேயே எரிச்சலும் வந்தது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். “அப்ப உங்க சார் உனக்கு கிளாஸ்மேட்டா? ‘டேய்’னு கூப்பிடலாமே!”

அம்மா சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. வாசலுக்குப் போய்த் தலையணை உறையைக் கழற்றி எடுத்துவந்து, அதில் புதிதாக விட்டிருந்த கிழிசலை ஊசிநூல் கொண்டு தைக்க உட்கார்ந்தாள். இரண்டு வசவு விட்டிருந்தால்கூட தாங்கியிருக்கலாம். இன்னும் ஒரு வருடத்துக்குத் தாங்கும்படி நெருக்கமாகப் போட்ட அந்தத் தையலைப் பொடிசால் பார்க்க முடியவில்லை.

ஃபேன் சாரும் வரிசை சாரும் பல வருடங்களாக ஒரே அறையில் எலியும் பூனையுமாக வாழ்கிறவர்கள். அறைக்கு ஒரே ஃபேன். ஃபேன் சாருக்கு அது முழு வேகத்தில் சுற்ற வேண்டும். வரிசை சாருக்கு அது ஒன்றில் கிடக்க வேண்டும். இல்லாவிட்டால் மேஜைமேல் அவர் பரப்பியிருக்கும் காகிதங்கள் எல்லாம் எழுந்து பறக்கும். ஒருவர் வகுப்புக்குப் போனால் மற்றவர் எழுந்து ரெகுலேட்டரைத் திருகுவார். நேருக்கு நேர் பேசுவதில்லை. ஒரு கருத்தரங்கில் வரிசை சார் பேசி முடித்ததும் எழுந்து, எல்லோர் முன்பும் ஃபேன் சார் கேலி செய்தார். அதிலிருந்து பேச்சு அறுந்துபோயிற்று.

அன்று வரிசை சார் சொன்னது இதுதான்: ‘ஒரு வரிசைக்கு ஜன்னல் தேவையில்லை. ஒரு முதுகு போதும். ஒருவன் மூடிய ஜன்னல் முன்னால் சும்மா நின்றாலும், அவன் முதுகைப் பார்த்து இன்னொருவன் வந்து நிற்பான்.’ அருமையான கருத்து. ஒரே குறை, அப்படி ஒரு வரிசையை அவர் கண்ணால் கண்டதில்லை. பொடிசும் ஊரெல்லாம் தேடி அலைந்து காணவில்லை. அவள் ஆய்வேட்டின் ஐந்தாம் அத்தியாயம் அதனால் நோஞ்சானாகவே நின்றுவிட்டது.

“நன்னடத்தையா?” என்றார் ஃபேன் சார், பொடிசைப் பார்த்து. வரிசை சார் பக்கத்திலேயே நின்றிருந்தார். “இவரோட நடத்தை எப்படின்னு யோசிக்கணுமே.”

யோசித்தார். செவ்வாய் யோசித்தார், புதன் யோசித்தார். வியாழக்கிழமை பொடிசு அவர் மேஜை முன் நின்று, அழுகையை அடக்கிக்கொண்டு, “சார், எனக்கு வேலை போயிடும்” என்றாள். ஃபேன் சார் கொஞ்சம் நெளிந்தார். கெட்டவரில்லை, வியர்க்கிறவர், அவ்வளவுதான்.

“உனக்காக எழுதறேம்மா. ஆனா ஒரு கண்டிஷன். இனிமே இந்த ரூம்ல ஃபேன் அஞ்சுலதான் ஓடும். நான் ரிட்டையர் ஆகிற வரைக்கும்.”

வரிசை சார் தன் காகிதங்களைப் பார்த்தார். பொடிசைப் பார்த்தார். எழுந்து போய்த் தன் கையாலேயே ரெகுலேட்டரை ஐந்தில் வைத்தார். முப்பது வருடக் குறிப்புகள் அறைக்குள் வட்டமடித்தன. அவற்றில் ஒன்று பறந்து வந்து சாரின் தலைமேலேயே உட்கார்ந்தது. அவர் அதை எடுக்கக்கூட இல்லை. பொடிசுக்கு அந்த நிமிடம் அவர்மேல் இருந்த கோபம் பாதி கரைந்துவிட்டது.

மறுநாள் காலை சான்று வந்தது. இரண்டே வாக்கியம். ‘இவர் தம் வாழ்நாளில் ஒருபோதும் வரிசையில் முந்தியதில்லை. வேறு நற்குணம் எதுவும் எனக்குத் தெரியாது.’

வெள்ளிக்கிழமை, கடைசி நாள். எல்லா வேலையையும் கடைசி நாளில் செய்கிறவர்கள் எல்லாரும் அங்கே வந்திருந்தார்கள். வரிசை நடைபாதையில் நெளிந்து, படிக்கட்டில் இறங்கி, சைக்கிள் நிறுத்துமிடம் வரை போயிருந்தது. சார் அதைப் பார்த்ததும் அவர் கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று.

“குடுங்க சார்,” என்று பொடிசு கையை நீட்டினாள். எண்ணும் கருவியைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டாள். குறிப்பேட்டையும் வாங்கிக்கொண்டாள். இரண்டு விண்ணப்பங்களும் அவளிடமே இருந்தன. “இன்னிக்கு நீங்க புரொஃபசர் இல்ல. ஸ்டூடண்ட். முன்னால இருக்கிறவர் முதுகை மட்டும் பாத்துட்டு நில்லுங்க.”

“சரிம்மா,” என்றார் சார், ஹோம்வொர்க் செய்யாத பையனைப்போல.

நின்றார், நல்ல பிள்ளையாக. வரிசை நத்தையாக நகர்ந்தது. மதியத்துக்குமேல் அவர்கள் நடைபாதைக்குள் வந்தார்கள். ஜன்னல் மேடத்தின் ஜன்னலுக்குப் பக்கத்தில் இன்னொரு ஜன்னல் உண்டு. அதைத் திறந்து யாரும் பார்த்ததில்லை. ஷட்டரில் தூசி படிந்து, யாரோ விரலால் ஒரு மீசை வரைந்திருந்தார்கள். அலுவலகத்துக்குத் தண்ணீர் கேன் போடுகிறவர் காலி கேனை எடுக்க வந்து, உள்ளே யாரோ பேசி முடிக்கட்டும் என்று, அந்த மூடிய ஜன்னல்மேல் சாய்ந்துகொண்டு போனில் ஏதோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஒரு பெண் வந்தாள். நீள வரிசையைப் பார்த்தாள், கேன்காரரின் முதுகைப் பார்த்தாள், அவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அவளுக்குப் பின்னால் தாடி வைத்த ஒருவன். அவனுக்குப் பின்னால் இரண்டு பேர். பிறகு திமுதிமுவென்று ஒரு கூட்டம்.

பொடிசு பார்த்துவிட்டாள். ஐந்தாம் அத்தியாயம் அவள் கண்ணெதிரே வளர்ந்துகொண்டிருந்தது. சாரைப் பார்க்காமலிருக்கப் பார்த்தாள். ஆனால் சார் ஏற்கெனவே குதிகாலைத் தூக்கி எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தார்.

“பாத்தியாம்மா?” என்றார் கிசுகிசுப்பாக. “முதுகு!”

“பாக்கல சார். நீங்களும் பாக்கல.”

“ஒரே நிமிஷம். எதுக்கு நிக்கிறார்னு அவரை ஒரு வார்த்தை கேட்டுட்டு ஓடி வந்துடறேன்.”

“சார், போகாதீங்க. சார்!”

போய்விட்டார். பொடிசால் பின்னாலேயே ஓட முடியாது. ஓடினால் காலையிலிருந்து நின்ற இடம் போய்விடும். கால் வரிசையில், மனசு அவர் பின்னால். முப்பது வருடத்துக்கு முன்னால் நடந்தது அப்படியே திரும்ப நடக்கிறது, இந்தத் தடவை தன்னையும் சேர்த்து முழுக வைத்துக்கொண்டு என்று அவளுக்குத் தோன்றியது. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கையை அதற்குள் விட்டு, கைக்குக் கிடைத்ததை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டியது.

அப்போதுதான் மேடத்தின் ஜன்னலிலிருந்து ‘அய்யோ’ என்று ஒரு சத்தம். கம்ப்யூட்டர் உறைந்துவிட்டது. மேடம் தட்டினார், குட்டினார், செல்லமாகக்கூடப் பேசிப் பார்த்தார். அசையவில்லை.

“இந்த ஜன்னல் அவ்வளவுதான்!” என்று கத்தினார். “எல்லாரும் பக்கத்து ஜன்னலுக்கு வாங்க, அங்க வேற கம்ப்யூட்டர் இருக்கு!”

பல வருடத்துத் தூசியைக் கொட்டிக்கொண்டு, மீசையோடு சேர்ந்து அந்த ஷட்டர் மேலே போயிற்று. சாய்ந்திருந்த கேன்காரர் உள்ளே விழப் பார்த்தார். “எனக்கு ஒண்ணும் வேண்டாங்க, நான் சும்மா சாஞ்சேன்,” என்று சொல்லிவிட்டு, காலி கேனைக்கூட எடுக்காமல் நழுவினார். நீள வரிசை உடைந்து புது ஜன்னலை நோக்கி வெள்ளமாகப் பாய்ந்தது. பொடிசை நாலு பக்கமும் இடித்துத் தள்ளினார்கள். தலையைத் தூக்கிப் பார்த்தபோது அவள் எல்லாருக்கும் கடைசியில் இருந்தாள்.

முதல் ஆளாக, ஜன்னலுக்கு நேர் எதிரே, கேன்காரர் விட்டுப்போன இடத்தில் வரிசை சார் நின்றிருந்தார்.

“ம், குடுங்க,” என்றார் மேடம்.

“சார், நீங்க இப்பதானே வந்தீங்க?” என்றாள் கேன்காரருக்குப் பின்னால் முதலில் நின்ற பெண். நியாயமான கேள்வி.

சார் வெட்கப்பட்டுப்போனார். வாழ்நாளில் ஒருபோதும் முந்தாத மனிதர். சான்றே இருக்கிறது. “ஆமாம்மா, தப்புதான். நீ போ,” என்று ஒதுங்கினார். தாடிக்காரனையும் பார்த்து, “நீங்க போங்க,” என்றார். அடுத்தவரையும், “நீங்க போங்க.”

அந்த வார்த்தைகள் கடைசியில் நின்ற பொடிசின் காதில் விழுந்தன. அவளுக்குள் ஏதோ அறுந்தது.

“சார்! மறுபடியுமா!”

நடைபாதை முழுவதும் திரும்பிப் பார்த்தது. சாரும் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவள் அவர்முன் குரலை உயர்த்தியதில்லை. கூட்டத்துக்கு மேலே எம்பி நின்று, மூக்கு சிவந்து, கன்னமெல்லாம் ஈரமாக நிற்கும் அவளை அவர் பார்த்தார். மனிதர்கள் வரிசையில் எப்படியெல்லாம் நிற்பார்கள் என்று எழுதி எழுதித் தேய்ந்த ஆளுக்கு, தன்னை நம்பி ஒருத்தி நின்றது அப்போதுதான் கண்ணில் பட்டது.

அவர் திரும்ப வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“எல்லாரும் மன்னிக்கணும்,” என்றார் உரத்த குரலில். “ஒரு கேள்வி. நான் இந்த அப்ளிகேஷனைக் குடுக்க இந்த வரிசைக்கு வந்து முப்பது வருஷம் ஆச்சு. இன்னும் குடுத்து முடிக்கல. எனக்கு முன்னால வந்தவங்க யாராவது இருக்கீங்களா?”

அங்கே நின்றவர்களில் பாதிப் பேர் அப்போது பிறக்கவேயில்லை. மேடம் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். “உண்மைதான். கம்ப்யூட்டர்லயும் அப்படித்தான் இருக்கு.”

முதல் பெண் ஒரு கணம் யோசித்தாள். பிறகு ஒதுங்கி, “நீங்க போங்க சார்,” என்றாள்.

விண்ணப்பம் பொடிசின் பையில் அல்லவா இருந்தது! அவள் எடுத்து நீட்டினாள். அது ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு, தலைகளுக்கு மேலேயே போயிற்று. தாடிக்காரன் அதை வாங்கி, தேவையில்லாமல் ஊதித் துடைத்து, சாரிடம் கொடுத்தான். மேடம் படித்தார். நன்னடத்தைச் சான்றைப் படித்தபோது சாரை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஓங்கி ஒரு முத்திரை வைத்தார். வரிசையில் யாரோ கைதட்டினார்கள். வழக்கமாக வரிசையில் யாரும் அடுத்தவனுக்குக் கைதட்டுவதில்லை; அதைச் சார் கவனித்தாரா என்று தெரியவில்லை.

“அக்கா, நீங்களும் முன்னால வாங்க,” என்று சிலர் கூப்பிட்டார்கள். பொடிசுக்கு ஆசைதான். ஆனால் வரிசையைப் படித்தவள் வரிசையைத் தாண்டலாமா? “நான் இப்படியே வர்றேங்க,” என்றாள். சொன்ன மறுகணமே தன் வாயை நொந்துகொண்டாள். மணி ஓடியது. ஜன்னலை மூட நேரமாகிவிட்டது என்று மேடம் ஷட்டரில் கை வைத்தபோதெல்லாம், அங்கே சாரின் முழங்கை ஊன்றியிருந்தது. ‘கையை எடுங்க சார்’ என்றால், ‘இதோ’ என்பார், எடுக்க மாட்டார். முழங்கை கன்றிச் சிவந்துபோயிற்று.

கடைசி ஆளாகப் பொடிசு வந்து சேர்ந்தாள். விண்ணப்பத்தில் கைடு கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைச் சாரிடம் காட்டினாள். அவர் பேனாவை எடுத்தார். டாக்டர் என்று ஆரம்பித்துத்தான் முப்பது வருடமாக எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டுவந்தார். இன்றைக்குத்தான் அதை எழுதுமுன் மேடத்தை நிமிர்ந்து பார்த்தார். நிதானமாக எழுதினார். மேடம் முத்திரை வைத்தார். ஷட்டர் மீசையோடு இறங்கியது.

வெளியே படிக்கட்டில் இருவரும் உட்கார்ந்தார்கள். சார் பெருமூச்சு விட்டார்.

“எல்லாம் சரிம்மா. ஆனா அந்த வரிசை… வாழ்க்கையில ஒரே ஒரு தடவை வந்துச்சு. எத்தனை பேர்னு எண்ணாம விட்டுட்டேனே.”

பொடிசு பைக்குள் கையை விட்டு, எண்ணும் கருவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அதில் ஒரு எண் நின்றிருந்தது. அழுதுகொண்டிருந்தபோது பைக்குள்ளே அவள் கட்டைவிரல் பாட்டுக்கு வேலை செய்திருந்தது, பழக்கதோஷம்.

சார் எண்ணைப் பார்த்தார். “கேன்காரரையும் சேர்த்தா?”

“சேர்த்துத்தான் சார்.”

“அவர் சும்மாதானேம்மா சாஞ்சிருந்தார்?”

“முதுகு அவருடையதுதானே சார்.”

சார் அவளை நிமிர்ந்து பார்த்தார். “டாக்டர்,” என்றார். அதற்குமேல் பொடிசுக்கும் ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அன்று மாலை சார் வீடுவரை கூட வந்தார். தலையணை உறையைக் கழற்றும் மரியாதையை அண்ணன் அம்மாவுக்கு விட்டுக்கொடுத்தான். உள்ளே இத்தனை வருடமும் வெயில் படாத பித்தளை பளபளவென்று மின்னியது. அம்மா அதை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, உறையை மடித்து உள்ளே கொண்டுபோகத் திரும்பினாள்.

“அம்மா,” என்று சார் தயங்கித் தயங்கிக் கூப்பிட்டார். “பட்டமளிப்பு விழா வரைக்கும் அதைக் கொஞ்சம் எனக்குக் குடுப்பீங்களா? என் ரூம் கதவுலயும் டாக்டர்னு ஒரு பலகை மாட்டியிருக்கு.”